கறிவேப்பிலைச் செடிக்குக் கொடுத்த மருந்து

அன்பு மகனுக்கு,

இன்று காலை நீ கடலூர் பஸ் ஏறிப் போய்விட்டாய். திங்கட்கிழமை உன் கம்பெனியில் ஒரு கடிதம் கொடுக்கப் போகிறாய்: தூத்துக்குடிக்கு வர முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. அந்தக் கடிதம் போவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் தபாலை நம்பாமல் நாளைக் காலை உன் அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் தொண்டை இன்னும் கம்மிப்போய்த்தான் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் இளைக்கும். அதைக் கேட்டதும் நீ "சரிம்மா, சரிம்மா, பேசாத" என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாய். காகிதத்துக்கு இளைக்காது. முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நீ என்னை மன்னிக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உறையை ஒட்டவில்லை. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான். உன் அப்பா பஸ்ஸில் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். என் மருமகள் கயலும் படிக்கட்டும். உன் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இதில் பாதி அவரைப் பற்றியதுதான்.

பரீட்சையில் முதல் வரியிலேயே விடையை எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் எழுது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதன்படியே செய்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன் பதினைந்து நாட்கள் இளைப்புக்குக் கொடுத்த அந்தப் புது ஸ்ப்ரேயை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் நீ பார்த்த எண் பொய். அந்தப் பதினைந்து நாள் மருந்தையும் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிதான் உறிஞ்சியது. உன் டாக்டர் நினைப்பதுபோல மருந்து தோற்கவில்லை. என் நோய் திடீரென்று முற்றவும் இல்லை. எனக்காக நீ தூத்துக்குடியை விட வேண்டியதில்லை.

விளக்கம் இனிமேல்தான்.

நான் அண்ணாகிராமத்துப் பக்கம் பிறந்தவள், பத்தாவதோடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் விறகுக்குப் பதிலாக முந்திரிக்கொட்டையின் ஓடுதான் எரியும். சும்மா கிடைக்கும், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதிலிருந்து வரும் புகை கண்ணைக் கரிக்கும், நெஞ்சைப் பிடிக்கும், எண்ணெய் தெறித்தால் கை கொப்புளித்துவிடும். அதனால் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். நான் அங்கேதான் போய் உட்காருவேன். ஓட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே மடியில் புத்தகத்தை வைத்துப் படிக்கலாம். யாரும் வேலை ஏவமாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை நான் வாங்கிய முதல் ரேங்க் எல்லாம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்து வாங்கியதுதான். இதை நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. சமையல் புகை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சமையல் புகை எல்லாப் பெண்களுக்கும் பொது. நான் படிப்பதற்காகப் போய் நானாக விழுங்கிய புகை அது. அப்படி வாங்கிய ரேங்க்கை என் அப்பா பத்தாவதோடு போதும் என்று நிறுத்தியபோது, அடுப்பை விட்டுவிட்டேன், முதல் ரேங்க் ஆசையை விடவில்லை. அது எனக்குள்ளேயே இருந்துவிட்டது. எந்த இடத்தில் இரண்டு பேர் நின்றாலும் யார் முதல் என்று பார்க்கும் புத்தி.

அந்தப் புத்தியோடுதான் ஆடி மாதம் நீ எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக் கடலூர் டாக்டரிடம் கூட்டிப் போனபோது வந்தேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் உன் மாமியார், நடுவில் நீ. உன் மடியில் இரண்டு ஃபைல். மேலே இருந்தது அவருடையது. இதைக்கூடவா கவனிப்பார்கள் என்று நீ கேட்பாய். கவனித்தேன். டாக்டரம்மா இரண்டு பேரையும் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, பழைய மாத்திரை போட்டு உறிஞ்சும் கருவி போதாது, இனிமேல் இந்த ஸ்ப்ரே, காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று இரண்டு பேருக்கும் ஒரே மருந்தை எழுதினார். பிறகு நர்ஸ் ஒரு பெண் வந்து ஸ்ப்ரேயை அந்தப் பிளாஸ்டிக் குழாயில் மாட்டி எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினாள். உன் மாமியார் முதல் தடவையிலேயே சரியாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து விட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய தலைமையாசிரியை இல்லையா, சொன்னால் சொன்னபடி செய்வார். என் முறை வந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது. நர்ஸ் சிரித்துக்கொண்டே, "அவுங்கள பாத்து கத்துக்குங்கம்மா, எவ்ளோ கரெக்ட்டா பண்றாங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் காதுவரை சுட்டது.

அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதில் விழவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நீ உன் மாமியாரின் குழாயை வாங்கி உன் கைக்குட்டையால் வாய் வைக்கும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நான் மடித்துக் கொடுத்த கைக்குட்டையில் மூக்கைக்கூடத் துடைக்காமல் சட்டைக் கையில் துடைத்தவன் நீ. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய குழாயையும் பிறகு துடைத்தாய் என்று உன் அப்பா சொன்னார். நான் பார்க்கவில்லை. நர்ஸ் அப்போது சொன்னது ஒரே ஒரு விஷயம்: ஒவ்வொரு தடவையும் முடித்த பிறகு வாயையும் தொண்டையையும் தண்ணீரால் நன்றாகக் கொப்புளித்துத் துப்பிவிட வேண்டும். பொறாமையில் நான் தவறவிட்ட பாடம் அது.

வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். உன் பழைய டிக்ஷனரியையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்க விளைவுகள் என்று போட்டிருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். அடிக்கடி வருபவை ஒரு பத்தி, எப்போதாவது வருபவை ஒரு பத்தி. எதிரே தேதி போட்டுக் குறிக்க இடம் விட்டேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டார். பரீட்சைதான். மூன்றாம் நாளே கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது. ஒரு வாரத்தில் தொண்டை கம்மியது. பத்தாம் நாள் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ரசம் பட்டாலே எரிந்தது. முதல் பத்தியில் இருந்த ஐந்தில் நான்கு எனக்கு வந்துவிட்டது. உன் மாமியாருக்குப் போன் போட்டு மெதுவாக விசாரித்தேன். "எனக்கு ஒண்ணுமே தெரியல சம்பந்தி. மொத ரெண்டு நாளு கை லேசா ஆடிச்சு, அப்புறம் அதுவே நின்னுடுச்சி" என்றார். அவர் குரல் மணி அடித்ததுபோல இருந்தது. அதே மருந்து, அதே அளவு. நான்தான் தோற்றேன்.

அந்த வாரம்தான் நீ போனில் "யாரு பேசறது?" என்று கேட்டாய். நான் "அம்மாடா" என்றேன். "நீயா? நான் வேற யாரோன்னு நெனச்சேன்" என்றாய். உன் பின்னாலிருந்து அவர், "தம்பி, தோச ஆறிப்போவுது, வாங்க" என்று கூப்பிட்டது எனக்கு இங்கே சிதம்பரத்தில் தெளிவாகக் கேட்டது. நான் பெற்ற பிள்ளைக்கு என் குரல் தெரியவில்லை, அவர் குரல் தோசைக்கு அழைக்கிறது. நீ "ஒரு நிமிஷம்மா, சாப்டுட்டு பேசறேன்" என்று வைத்துவிட்டாய். சாப்பிட்டுவிட்டுப் பேசினாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கொப்புளிக்கிற விஷயத்தை எனக்கு உன் மாமியார் சொன்னார். நான் விசாரித்த அன்றைக்கே கேட்டார்: "வாய கொப்புளிச்சி துப்புறீங்களா சம்பந்தி? தொண்டையில நிறுத்தி கரகரன்னு கொப்புளிக்கணும். முழுங்கிடாதீங்க." மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் "ம், பண்றேன்" என்று பொய் சொன்னேன். போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், இழுத்த மருந்தைத் துப்பச் சொல்கிறார், அப்படித் துப்பினால் எனக்கு எப்படிக் குணமாகும் என்று நீட்டி முழக்கினேன். மறுநாள் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். அதில் அச்சடித்தே இருந்தது, அவர் சொன்னது அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை. படித்துப் புரிந்துகொண்ட பிறகும் நான் கொப்புளிக்கவில்லை. அவர் சொல்லி நான் செய்ததாக ஆகிவிடும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு பிரிக்கவில்லை.

இது எனக்குப் புதுக் குணம் இல்லை. உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு டீச்சர் இருந்தார், சாயங்காலம் அவர் வீட்டில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை படித்துக் காட்டுவார். நீ ஓடி ஓடிப் போவாய். ஒருநாள் வீட்டில் நான் உனக்குப் பாடப் புத்தகத்தில் மழைப் பாடத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய்: "டீச்சர் படிச்சா மழ கேக்குதும்மா. நீ படிச்சா நீ படிக்கிறதுதான் கேக்குது." உனக்கு ஏழு வயது, மனதில் பட்டதைச் சொன்னாய். மறுநாள் உனக்குக் காய்ச்சல் என்று அனுப்பவில்லை. அடுத்த வாரம் தூரம் ஜாஸ்தி என்றேன். டீச்சர் ஒருநாள் நம் வீட்டுக்கே வந்து ஏன் பையன் வரவில்லை என்று கேட்டார். அவனுக்கே வரப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். உள்ளே நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்த பிறகு டீச்சர் வந்து போனதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை. நீ ரொம்ப நாள் டீச்சருக்கு உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். கோபம் இல்லை. நான்தான் நடுவில் நின்றேன்.

இப்போதும் அதையேதான் செய்தேன், அளவில்தான் பெரியது. முதல் ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்து ஸ்ப்ரேயின் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டச் சொன்னாய். நூற்றிருபதில் தொடங்கி ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று குறையும் என்று விளக்கினாய். "அத்தையோடது எம்பத்தெட்டு. உன்னோடது தொண்ணூத்திரெண்டு. ரெண்டு வேள உட்டுட்டியாம்மா?" என்றாய். அண்ணாகிராமத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது எடுத்துப்போக மறந்துவிட்டேன், உண்மைதான். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீ என் மதிப்பெண்ணைச் சத்தமாகப் படித்ததுபோல இருந்தது. அந்த வாரக் கடைசியில்தான் வாய்ப்புண் தாங்காமல் மருந்தை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று சொன்னால் அவர் கேட்பார், கொப்புளிச்சீங்களா என்று. அதனால் யாருக்கும் சொல்லவில்லை. எண் மட்டும் குறைய வேண்டுமே. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு, நேரம் தவறாமல் கொல்லைக் கதவைத் திறந்து காற்றில் அழுத்தினேன். பழைய பாக்கி நான்கையும் சேர்த்து அழுத்தி அவருடைய எண்ணுக்குச் சமமாகக் கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு நீ, "சூப்பர்மா, ரெண்டு பேரும் ஒண்ணு" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மருந்தே எடுக்காமல் வாங்கிய ரேங்க்.

உன் அப்பா ஒருநாள் சாயங்காலம் பார்த்துவிட்டார். "கருவேப்பிலைக்கு எப்ப இருந்து இளைப்பு?" என்று கேட்டார். ஸ்ப்ரே அடைத்துக்கொண்டதா என்று சோதிக்கிறேன் என்றேன். அவர் செடியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்கிறேன். நடுக்கம் நின்றது, குரல் கொஞ்சம் வந்தது. மருந்துதான் கெடுதல், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நோட்டில்கூட எழுதினேன். பிறகு வாசல் பெருக்கினால் இளைத்தது. பிறகு குளித்துவிட்டுப் புடவை கட்டினால் இளைத்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ போனில், அத்தை அதிரசம் சுட்டார்கள், பிரமாதம் என்றாய். மறுநாள் காலையிலேயே நான் மாவு பிசைந்தேன். மூன்று மணி நேரம் எண்ணெய்ப் புகையில் நின்று இரண்டு டப்பா முறுக்கு சுட்டேன். உன் அப்பா, வேண்டாம், மெதுவாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை வந்து சொன்னார். கேட்கவில்லை. அவசரத்துக்கு இழுக்க வேண்டிய நீல ஸ்ப்ரேயைச் சமையலறை அலமாரியிலேயே விட்டுவிட்டு, முறுக்கு டப்பாக்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு தனியாகக் கடலூர் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மூச்சு உள்ளே போக மறுத்தது. இழுக்கிறேன், இழுக்கிறேன், வரவில்லை. பக்கத்தில் பரங்கிப்பேட்டைக்காரப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என் முதுகைத் தடவிக்கொண்டே, "பையில மருந்து இருக்காம்மா?" என்று கேட்டாள். இருந்தது. பன்னிரண்டு என்று எண் காட்டிக்கொண்டு அந்தப் புது ஸ்ப்ரே இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அது உனக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்த ஸ்ப்ரே. இரண்டு அழுத்தினால் பத்தாகிவிடும், அவருடைய பன்னிரண்டோடு ஒத்துவராது. மூச்சு நின்றுபோகிற நேரத்தில் நான் யோசித்தது இதைத்தான், மகனே. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அந்தப் பெண் என் கூடவே ஏறிக் கடலூர்வரை வந்தாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் ஸ்ப்ரேயைத் திருப்பிப் பார்த்தார். உன் மாமியாருடையதையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒழுங்காதான் எடுத்திருக்காங்க. அப்படியும் இவுங்களுக்கு இப்படி ஆவுதுன்னா, நோய் வேகமா போவுதுன்னுதான் எடுத்துக்கணும். வீட்ல ஆக்சிஜன் மிஷின் வெக்கறத பத்தி யோசிங்க. கூட எப்பவும் ஒரு ஆள் இருக்கணும்" என்று உன்னிடம் சொன்னார். உன் முகத்தைப் பார்த்தேன். என் முகத்தில் மாஸ்க் இருந்தது. அதைத் தூக்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு டார்ச் அடித்து வாயைப் பார்த்து, "கொப்புளிக்கிறதே இல்லையா?" என்று கேட்டு, வாயில் தடவ மருந்து எழுதினார். உன் மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் பொய் சொன்னது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரு டம்ளரில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். நான்தான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதிலும் அவரே ஜெயித்தார்.

இதுவரை சொன்னது சின்னத் தப்பு. பெரியது இனிமேல்தான் வருகிறது. நீ லீவு போட்டுவிட்டு என்னோடு சிதம்பரம் வந்தாய். ஒன்பது நாள். காலையும் சாயங்காலமும் நீயே குழாயை மாட்டிக் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பத்துவரை எண்ணினாய். கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தாய். நான் துப்பும்வரை பக்கத்திலேயே நின்றாய். மத்தியானம் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். ஒருநாள் வீராணம் ஏரி நிரம்பிய செய்தியைப் படித்தாய். எனக்குத் தண்ணீர் கேட்டது. அந்த டீச்சரிடம் நீ போன கொஞ்ச நாளிலேயே கற்றுக்கொண்டுவிட்டாய் என்று தெரிந்தது. வாய்ப்புண் ஆறியது, நடுக்கம் குறைந்தது, மாடிப்படி ஏறினேன். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புது மாத்திரை வேலை செய்கிறது என்று நீ அப்பாவிடம் சொன்னாய். மாத்திரை ஐந்தாம் நாளே முடிந்துவிட்டது. வேலை செய்தது அதே ஸ்ப்ரேதான், முதல் தடவையாக ஒழுங்காக எனக்குள்ளே போனதால்.

ஏழாம் நாள் நீ கொல்லையில், அதே கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசினாய். "இல்ல சார், எங்கம்மாவ உட்டுட்டு வர முடியாது. திங்கக்கிழம லெட்டர் குடுத்துடறேன்" என்றாய். நான் உள்ளே கொப்புளித்துக்கொண்டிருந்தேன். துப்ப மறந்து விழுங்கிவிட்டேன். தூத்துக்குடி ஏற்பாடு எனக்குத் தெரியும்: உனக்கு உயர்ந்த வேலை, கம்பெனி வீடு, கயலோடு உன் மாமியாரும் வருவார், வேறு துணை இல்லாதவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. நியாயம்தான். எனக்கு இங்கே உன் அப்பா இருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் காலையில் தோசைக்குக் கூப்பிடும் குரல் யாருடையது என்று நினைத்து நினைத்து நான் எத்தனை நாள் புழுங்கினேன். இப்போது நீ போகவில்லை. எனக்காகப் போகவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு முதல் ரேங்க் வந்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல் இன்னும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நீ என் தலையணையைச் சரிசெய்தபோதுகூட.

வாயைத் திறக்கவைத்தது உன் அப்பா. நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று மறக்கமாட்டார்.

"அன்னிக்கு செடிக்கு அடிச்சது ஒரு நாள்தானா?" என்று கேட்டார்.

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"அவன் வேலய உட்டுட்டு வரப்போறான். அந்த டாக்டரு தெரியாம மருந்து ஏத்திக் குடுக்கப்போவுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"அவன் போனா அவுங்க கூடல்ல போயிடுவான்" என்றேன். இதை முதல் தடவையாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"போவட்டும். நீ மருந்த குடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் பேசினார். பேனாவையும் பேப்பரையும் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான்.

ஆகவே எனக்கு அறிவுரை சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். யாருடைய மருந்தையும் எண்ணை வைத்து நம்பாதே. எதிரில் உட்காரவைத்து இழுக்கச் சொல்லிப் பார். படி ஏறினால் இளைக்கிறதா என்று கேள், வாயைத் திறக்கச் சொல், ரசம் எரிகிறதா என்று கேள். உனக்கு ஒரு நல்ல விஷயத்தைப் பிடிக்காத ஆள் சொன்னால் அன்றைக்கே செய்துவிடு. தள்ளிப்போட்டால் பிறகு செய்வதற்கு வெட்கமாகிவிடும். ஒருவரைப் பார்த்து எரிச்சல் வந்தால் அதைக் கயலிடமாவது சொல்லிவிடு. நான் சொல்லாமல் வைத்திருந்ததில் கறிவேப்பிலைக்குத்தான் லாபம்; இந்த வருடம் நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

புதன்கிழமை நானும் அப்பாவும் கடலூர் வருகிறோம். டாக்டரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அந்த நோட்டையும் காட்டப்போகிறேன். திட்டுவார், திட்டட்டும். அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு வருவேன். உன் மாமியாரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொன்னது சரி என்று. அதை மட்டும் எழுத்தில் வைக்காமல் என் கம்மல் குரலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இதை எழுதும்போதும், இந்தக் கடிதத்தை உங்கள் கூடத்தில் யார் சத்தமாகப் படிப்பார்கள் என்று யோசித்தேன். அவர்தான் படிப்பார், அவர் படித்தால்தான் நன்றாக இருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்கட்டும்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. தூத்துக்குடிக்குப் போ. அவரையும் கூட்டிக்கொண்டு போ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிரித்த அடுத்த ஸ்ப்ரேயில் இன்று காலை எண்பத்திரண்டு இருக்கிறது. முப்பத்தெட்டும் எனக்குள்ளே போனவை, நீயே எண்ணியவை. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து நீ கூப்பிடும்போது எண்ணை மட்டும் கேட்காதே, என்னை இழுத்துக் காட்டச் சொல், கொப்புளித்துத் துப்பும்வரை பார்த்துக்கொண்டிரு. ஒரே ஒரு சலுகை கேட்கிறேன். முதலில் என்னைப் பார்த்துவிட்டுப் பிறகு அவரைப் பார். அவருக்குத்தான் மூச்சு நன்றாக இருக்கிறதே, ஐந்து நிமிடம் காத்திருப்பார்.

உன் அம்மா